சுரங்க ரயிலைப் பாடிய சிறுமி

ரயிலடிச் சிந்தனைகள்

பார்சல் அலுவலகத்தில் பணி புரிபவனுக்கு உலகத்துப் பொருள்கள் அனைத்தும் மூட்டைகளாகவே தோன்றும். நாகபுரி ஆரஞ்சுக் கூடையாயினும், மாற்றலாகிச் செல்லும் அதிகாரியின் மோட்டார் சைக்கிளாயினும், புகுந்த வீட்டுக்குப் போகும் பெண்ணின் சீர்ப் பாத்திரமாயினும், எடை, எண், சேருமிடம் என்னும் மூன்றுக்கு மேல் நாம் ஆராய்வதில்லை. ஆகவே, சென்ற மாதம் நம் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தம் கைபேசியை நீட்டி, “அண்ணா, இந்த இசைத்தட்டின் பெயர் என்ன தெரியுமா? ‘போக்குவரத்து’!” என்றபோது, இலாகாவிலிருந்து ஏதோ பிரசாரப் பாட்டு வந்திருக்கிறது என்றே எண்ணினோம். பாடியவர் பெயர் சந்திரா என்று அவர் சொன்னதும் அவ்வெண்ணம் இன்னும் உறுதிப்பட்டது. நம் இலாகாவில் சந்திராக்கள் பலர் உண்டு.

உண்மை வேறு. இந்தச் சந்திரா அமெரிக்கர். சந்திரா ஆப்பன்ஹைம் என்பது முழுப் பெயர். அந்த இசைத்தட்டு 1980-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் வெளிவந்தது. அதில் உள்ள பாட்டுகள் நான்கே. தலைப்புகளைத் தமிழாக்கினால் ‘எதிரானது’, ‘ஒருமுகக் கவனம்’, ‘சுரங்க ரயில்கள்’ என மூன்று. நான்காவது ‘கேட்’ என்னும் பெண்பிள்ளைப் பெயர். நான்குக்கும் சொல் எழுதிப் பாடியவருக்கு அப்போது வயது 12.

அந்த நான்கு தலைப்புகளையும் மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். காதல் இல்லை, நிலவு இல்லை, பிரிவாற்றாமை இல்லை. வகுப்பில் ஆசிரியர் ஓயாமல் வேண்டுகிற கவனம், பள்ளிக்கூடத்தில் படிக்கிற எதிர்ச்சொல், ஊர் முழுதும் பயணம் செய்கிற ரயில், ஒரு பெண்ணின் பெயர். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் புத்தகப் பையைக் கவிழ்த்தால் இவைதாம் விழும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருந்தால் இத்தலைப்புகள் பிறந்திரா என்பது நம் தாழ்மையான கருத்து.

இளைஞர் அந்தச் சுரங்க ரயில் பாட்டைப் போட்டுக் காட்டினார். குரலில் குயிலும் இல்லை, குழலும் இல்லை. பள்ளியிலிருந்து ஓடி வந்த பெண், பையை மூலையில் எறிந்துவிட்டு, அன்று நடந்ததை அம்மாவிடம் ஒரே மூச்சில் ஒப்பிப்பாளே, அந்தக் குரல். பாதி பாட்டு, பாதி பேச்சு. பின்னால் கிட்டாரின் அடிநாதமும் மத்தளக் கட்டும் தண்டவாள மூட்டுகளைக் கடக்கும் சக்கரங்களைப் போல ஒரே சீராகச் செல்கின்றன. முதல் முறை கேட்டபோது நமக்குப் பிடிக்கவில்லை. இரவுப் பணியில், ஹவுரா வண்டியை அனுப்பிவிட்டு அமர்ந்திருக்கையில், கேளாமலே அது காதில் ஓடிற்று. மறுநாள் அவரைத் தேடிச் சென்று மீண்டும் கேட்டோம்.

இவ்வகை இசையைச் சுயேச்சை இசை என்கிறார்கள். தேர்தலில் கட்சிச் சின்னமின்றிக் கைப்பணத்தை நம்பி நிற்பவரைச் சுயேச்சை என்கிறோமல்லவா? அதுபோல, பெரிய இசைத்தட்டுக் கம்பெனியின் முத்திரையை எதிர்பாராமல், கடனோ கைப்பணமோ கொண்டு தாமே ஒலிப்பதிவு செய்து, தாமே தட்டு அடித்து விற்பவர்கள் இவர்கள். 1977-ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து ‘பஸ்காக்ஸ்’ என்னும் குழுவினர் 500 பவுன் கடன் வாங்கி, நான்கு பாட்டுகள் கொண்ட தட்டு ஒன்றை முதலில் 1,000 பிரதிகள் அடித்தனர். அதன் பிறகு இந்த வழி பலருக்கும் துணிவு தந்தது. நியூயார்க் நகரமோ 1975-இல் மஞ்சள் கடிதாசு கொடுக்கும் நிலைக்கு வந்து தப்பியது. நகரின் தென்பகுதியில் பழைய பண்டகசாலைகள் காலியாகக் கிடந்தன. வாடகை மலிவு. ஓவியர்களும் இசைக்காரர்களும் அங்கே குடியேறினர். முன்பின் தெரியாதவர்கள் கூடிக் குழு அமைப்பதும், மூன்று மாதத்தில் கலைவதும், வேறு பெயரில் மறுபடி கூடுவதும் வழக்கமாயின. அந்தக் கூட்டத்தில் யூஜினி டிசெரியோ, ஸ்டீவன் அலெக்சாண்டர் என்ற இருவர், ‘மாடல் சிட்டிசன்ஸ்’ என்ற குழுவில் இருந்துவிட்டுப் பின்னர் ‘தி டான்ஸ்’ என்ற குழுவை நடத்தினர். சந்திராவின் சொற்களுக்குப் பின்னால் நின்று வாத்தியம் இசைத்தவர்கள் இவர்களே.

பின்னால் நின்று என்பதை நாம் வேண்டுமென்றே எழுதுகிறோம். அதற்குப் பிறகு வருவோம்.

சந்திராவின் இசை வாழ்வு நீண்டதன்று. 1978-இல் திறக்கப்பட்ட ‘மட் கிளப்’ என்னும் விடுதியில் அவர் பாடினார். அது மது விற்கும் இரவு விடுதி. பன்னிரண்டு வயதுப் பெண்ணை அங்கே மேடையேற்றியதை நாம் மெச்சமாட்டோம். நம் வீட்டில் இரவு ஒன்பதரைக்கு விளக்கணைப்பது சட்டம். ‘கேப்டன் கங்காரு’ என்ற, பிள்ளைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் அவர் தோன்றினார். ஒரே தட்டைக் கொண்டு இரவு விடுதிக்கும் காலை நேரக் குழந்தைகள் நிகழ்ச்சிக்கும் சென்றவர் உலகில் வேறு எவரேனும் உளரா என்று தெரியவில்லை. பின்னர், பெரியவர்களை விட்டுத் தம் வயதை ஒட்டிய பிள்ளைகளைக் கொண்டு ‘சந்திரா டைமென்ஷன்’ என்றொரு குழு அமைத்தார். அக்குழு ஒலிப்பதிவும் செய்தது. அது தட்டாக வெளிவரவில்லை. பதின்வயது முடியுமுன்னே எல்லாம் நின்றுவிட்டது. கணக்குப் பார்த்தால் ஓரிரண்டு ஆண்டுகள். கைக்கு வந்தது நான்கே பாட்டுகள்.

“பாவம், முன்னுக்கு வராமலே போய்விட்டது” என்றுதான் இதைக் கேட்ட நம் அலுவலக நண்பர் ஒருவர் கூறினார். நாமும் மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தால் அப்படியே கூறியிருப்போம்.

குழந்தைக் கலைஞரின் காலம் குறுகியது என்பது நமக்குப் புதிய செய்தியன்று. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு பாலசபை நடத்தினார். டி. கே. எஸ். சகோதரர்கள் அதில் பாலர்களாகச் சேர்ந்தவர்களே. சிறுவன் சண்முகத்துக்காகவே சுவாமிகள் அபிமன்யு நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். அந்நாளில் இராஜபார்ட் சிறுவன் ஒருவன் ஊரையே கட்டிப் போடுவான். பதினான்கு, பதினைந்து வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடையும். மறு வாரம் அவன் கூட்டத்தில் நிற்கும் சேவகன். குரல் திரும்பினால் யோகம்; திரும்பாவிட்டால் ஊருக்கு ரயில் சத்தம் கொடுத்து அனுப்பி விடுவார்கள். (தென்னிந்திய ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த எஃப். ஜி. நடேச ஐயர் திருச்சியில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு லோகிதாசன் வேடம் கொடுத்தார். அச்சிறுவனே பின்னாளில் எம். கே. தியாகராஜ பாகவதர். ரயில்வேக்காரன் என்ற முறையில் இதை எழுதாமல் மேற்செல்ல மனமில்லை.) அப்பிள்ளைகள் பாடியவை எல்லாம் பெரியோர் எழுதியவை. எட்டு வயதுக் கோவலன் பரத்தையை நினைந்து உருகுவான். அவன் தன் வாயால் தன் சங்கதியைச் சொல்ல இடமில்லை, சொல்லென்று கேட்டவருமில்லை.

இப்போது நம் சங்கதிக்கு வருகிறோம். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

நம் மூத்த மகளுக்கு வயது 11, ஆறாம் வகுப்பு. நன்றாகப் பாடுவாள் என்று நம் சங்கத்தார் அனைவரும் அறிவர். சென்ற பொங்கல் விழாவில் அவள் பாடிய பழைய திரைப்பாட்டுக்குக் கிடைத்த கைதட்டலில் அதிகம் மகிழ்ந்தவர் யார் என்பதையும் அறிவர். அந்தக் கைதட்டல் நம் தலையில் ஏறியது. சென்ற மே மாதத்தில், ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குக் குரல் தேர்வு மும்பையில் நடப்பதாகக் கேள்விப்பட்டோம். பாஸ் இருக்கிறது, விடுப்பும் இருக்கிறது. விதர்ப எக்ஸ்பிரஸில் அழைத்துச் சென்றோம். விடியற்காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றோம். எத்தனை பிள்ளைகள்! எத்தனை தகப்பன்மார்கள்! ஒவ்வொரு தகப்பனாரும் ஒரு சுடுநீர்க் குப்பியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையின் காதில் ஏதோ ஓதிக்கொண்டே இருந்தார். நாமும் ஓதினோம். பிற்பகல் மூன்று மணிக்கு உள்ளே அழைத்தார்கள். ஒரு நிமிடமும் முழுதாகப் பாடவில்லை, “போதும்” என்றார்கள்.

வெளியே வந்ததும் நாம் கேட்ட முதல் கேள்வி, “மேல் ஸ்தாயியில் ஏனம்மா இழுக்கவில்லை?” என்பது. ஒன்பது மணி நேரம் நின்ற பிள்ளையைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. திரும்பும் வண்டியில் மேல் படுக்கையில் ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பட்னேரா தாண்டியும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகும் தினம் காலையில் நம் கட்டளைப்படி சாதகம் நடந்தது; ஆனால் முன்போல் குளியலறையிலும் மாடிப்படியிலும் கேட்ட பாட்டு நின்றுவிட்டது. நாம் அதைக் கவனிக்கவேயில்லை. வீட்டில் இருந்தவர்கள் கவனித்தார்கள், நம்மிடம் சொல்லவில்லை.

தகப்பனார் ஒருவரின் ஆசை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அதே அமெரிக்காவில் மற்றோர் உதாரணம் உண்டு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஃப்ரீமாண்ட் என்பது ஒரு சிற்றூர். அங்கே ஆலைத் தொழிலாளியான ஆஸ்டின் விக்கின் என்பவருக்கு அவர் தாயார் கைரேகை பார்த்துச் சோதிடம் சொல்லியிருந்தார்: செம்பொன் கூந்தலுடையாளை மணப்பாய், நான் இறந்த பின் உனக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறப்பர், உன் பெண்கள் புகழ்பெற்ற இசைக்குழு ஆவர் என்று. முதல் இரண்டும் பலித்துவிட்டன. மூன்றாவதைத் தாமே பலிக்க வைப்பதென்று அவர் தீர்மானித்தார். பெண்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, அஞ்சல் வழிப் பாடத்தில் சேர்த்து, வாத்தியங்கள் வாங்கிக் கொடுத்து, பகலும் இரவும் பழகச் செய்தார். சனிக்கிழமைதோறும் ஊர் மன்றத்தில் கச்சேரி. ‘தி ஷாக்ஸ்’ என்பது குழுவின் பெயர். 1969-இல் ஒலிப்பதிவு செய்த தட்டில் தாளம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கமாகச் செல்லும். 1,000 பிரதிகளில் பெரும்பாலானவை கைக்கே வரவில்லை. 1975-இல் தகப்பனார் காலமானார். பெண்கள் அத்துடன் வாத்தியத்தைக் கீழே வைத்தனர். அந்தத் தட்டிலும் ஒரு பாட்டின் தலைப்பு ‘பெற்றோர் என்பவர் யார்?’ என்பது. நாம் அதைக் கேட்க விரும்பவில்லை; இளைஞரும் வற்புறுத்தவில்லை.

அந்தத் தட்டும் 1980-இல் மறுபடி வெளியிடப்பட்டு, இசையறிந்தோர் பலர் வியந்து பேசும் பொருளாயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிழவியின் சோதிடம் மூன்றாவதும் பலித்தது என்றே கொள்ளலாம். ஆனால் அந்தச் சனிக்கிழமைகளை அப்பெண்களுக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

சந்திராவின் தகப்பனாரோ வேறு வகை. டென்னிஸ் ஆப்பன்ஹைம் (1938–2011) என்பவர் புகழ்பெற்ற கலைஞர்; நம்மைப் போன்றோருக்கு விளங்காத கலை. மார்பின்மேல் ஒரு புத்தகத்தை விரித்து வைத்து, வெயிலில் பல மணி நேரம் படுத்துத் தோலைக் கருக்கிக்கொண்டு, புத்தகம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக நிற்பதைப் புகைப்படம் எடுத்து இதுவே கலை என்றவர். நம் வீட்டில் இதைச் சொன்னபோது, “வெயிலில் வடகம் காய வைக்கிறவர்கள் எல்லாரும் கலைஞர்களா?” என்ற கேள்வி வந்தது. விடையளிக்க இயலவில்லை.

ஆனால் அவர் 1971-இல் செய்த ஒன்று நம் மனத்தை விட்டு அகலவில்லை. அவர் சுவரைப் பார்த்து நிற்கிறார். சிறுவனான அவர் மகன் பின்னால் நின்று தகப்பனாரின் முதுகில் எழுதுகோலால் கோடு இழுக்கிறான். முதுகில் ஊரும் அந்தக் கோட்டை உணர்ந்து உணர்ந்து, தகப்பனார் அதையே சுவரில் வரைய முயல்கிறார். மகன் இழுத்தது ஒரு மாதிரி, தகப்பனார் வரைந்தது ஒரு மாதிரி, சரியாகப் பொருந்துவதில்லை. பிறகு இடம் மாறி, தகப்பனார் மகன் முதுகில் வரைய, மகன் சுவரில் வரைகிறான். இவ்வளவே.

நாம் பதினொரு ஆண்டுகளாக இரண்டாவதை மட்டுமே செய்து வந்திருக்கிறோம்.

இது உறைத்தது எப்படியெனில், இளைஞர் அந்தத் தட்டைக் காட்டிய அதே வாரத்தில் வீட்டில் ஒன்று நடந்தது. நமக்கு இரவுப் பணி வாரம். காலை ஆறு மணிக்குப் பணி முடிந்து வந்து, உண்டு, படுத்தால், பிற்பகல் இரண்டு மணி வரை உறக்கம். அன்று ஞாயிறு. பன்னிரண்டு மணி அளவில் விழிப்பு வந்தது, கதவு ஒருக்களித்திருந்தது. கூடத்தில் நம் மகள், தம்பிக்கு மட்டும் கேட்கும்படி, மூச்சுக் குரலில் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். திரைப்பாட்டன்று, வகுப்பில் கற்றதுமன்று. பாதி தமிழ், பாதி இந்தி. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம்.

அப்பா தூங்குகிறார். குக்கர் கூவுவதற்குள் அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைக்கிறாள். தபால்காரர் வந்தால் மணியடிக்க வேண்டாமென்று வாசலில் தம்பி காவல் நிற்கிறான். தம்பியின் ரயிலுக்குக் கூவத் தெரியாது. வாயை மட்டும் திறந்து மூடும். வெளியே உண்மை ரயில்கள் எல்லாம் இஷ்டம்போல் கூவுகின்றன. அவற்றை யாரும் அதட்டுவதில்லை. கடைசியில் அப்பா எழுந்து வருகிறார். எல்லோரும் சேர்ந்து கூவலாம் என்று நிற்கிறார்கள். அவர் கேட்கிறார்: சாதகம் செய்தாயா?

இதுதான் பாட்டின் பொருள். இதற்கு மெட்டும் இருந்தது. சக்கரம் உருளுவது போல் இரண்டே சுரங்களில் போய்க்கொண்டிருந்தது. நாம் அழைத்துச் சென்ற குரல் தேர்வில் அந்த மெட்டுக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடைத்திராது.

அப்போது நாம் செய்தது என்ன தெரியுமா? தலையணைக்கடியில் கையை விட்டுக் கைபேசியை எடுத்தோம், ஒலிப்பதிவு செய்வதற்கு! பழக்கம் அவ்வளவு கெட்டது. கட்டில் கிறீச்சிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள், கைபேசியையும் பார்த்தாள். பாட்டு நின்றது. “எழுந்துட்டீங்களாப்பா? சாதகம் பண்ணிட்டேன்” என்றாள்.

இளைஞரிடம் இதைச் சொல்லவில்லை. அந்தத் தட்டைப் பற்றி மேலும் சொல்லும்படி மட்டும் கேட்டோம். சொன்னார்.

நம் அலுவலகத்தில் கேட்பாரற்ற மூட்டைகளுக்கு ஒரு மூலை உண்டு. குறித்த காலம் வரை வைத்திருந்து பின் ஏலம் விடுவோம். சந்திராவின் மூட்டை 28 ஆண்டுகள் அப்படி மூலையில் கிடந்தது. 2008-இல் ஒரு சிறு நிறுவனம் அதைத் தேடி எடுத்து, வெளிவராமல் நின்ற அந்த இரண்டாவது ஒலிப்பதிவையும் சேர்த்து வெளியிட்டது. 2016-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து ‘தி அவலாஞ்சஸ்’ என்ற குழுவினர், பழைய தட்டுகளின் துணுக்குகளை ஒட்டி இசை செய்பவர்கள், அந்தச் சுரங்க ரயில் பாட்டின் பகுதியை எடுத்துத் தம் பாட்டுக்கும் அதே தலைப்பை இட்டனர். உலகம் முழுவதும் அந்தப் பன்னிரண்டு வயதுக் குரல் கேட்டது. 2018-இல் கனடாவின் டொரோண்டோ நகரத்து நிறுவனமொன்று மறுபடி வெளியிட்டது. சந்திரா தம் ஐம்பதாம் வயதில் அப்பாட்டுகளை மேடையில் மீண்டும் பாடினார். பிறர் எழுதிக் கொடுத்த காதல் பாட்டை அன்று பாடியிருந்தால், ஐம்பது வயதில் அதை எடுத்துப் பாட அவருக்கு மனம் வந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கிறோம்.

பணம் வந்ததா என்று நம் நண்பர்கள் கேட்பர். இவ்வழியில் பணம் பெரிதாக வருவதில்லை. அதே நகரில், தென் பிராங்க்ஸ் பகுதியில், ஸ்க்ரோகின்ஸ் என்ற குடும்பத்துத் தாயார் ஒருவர் தம் பெண்கள் தெருவில் கெட்டுப் போகாதிருக்க வாத்தியங்கள் வாங்கித் தந்தார். அந்தச் சகோதரிகளின் ‘ஈ.எஸ்.ஜி.’ குழு 1981-இல் முதல் தட்டை வெளியிட்டது. அவர்களுடைய இசைத் துணுக்கைக் கணக்கற்றோர் எடுத்துப் பயன்படுத்தினர். 1990-களில் அவர்கள் வெளியிட்ட ஒரு தட்டின் தலைப்பே, பெயர் போட்டால் மட்டும் எங்கள் வீட்டுச் செலவு தீராது என்னும் பொருள்படும். மாதச் சம்பளக்காரர்களாகிய நமக்கு அந்தத் தலைப்பு நன்றாகப் புரியும்.

பிள்ளையைக் கொண்டு பணம் ஈட்டலாம் என்று நினைப்போர் நம் நாட்டுச் சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். நம் சங்கத்தில் இருவர் அண்மையில் விளம்பரப் படப்பிடிப்புக்குப் பிள்ளைகளை அனுப்புவது பற்றி விசாரித்தமையால் இதைக் குறிக்கிறோம். குழந்தைத் தொழிலாளர் விதிகள் 2017-இல் திருத்தப்பட்டுள்ளன. அதன்படி, படப்பிடிப்பு முதலிய கலைப்பணிகளில் குழந்தை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஈடுபடலாகாது. ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருவாயில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் வைப்பு நிதியாக இட வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக ஈடுபடுத்தக் கூடாது. கடைசி விதியைப் படித்தபோது மும்பை வரிசை நினைவுக்கு வந்தது. வரிசையில் நிற்பது வேலையாகாது என்று சட்டம் கூறலாம். பிள்ளையின் கால்கள் அதை அறியா.

சென்ற வாரம் நம் மகளிடம் மும்பையைப் பற்றிப் பேசினோம். “அன்று சாப்பிட்டாயா என்று கேட்டிருக்க வேண்டும்” என்றோம். “அம்மா கொடுத்த சப்பாத்தி இருந்துச்சுப்பா, நீங்கதான் சாப்பிடல” என்றாள். காலைச் சாதகத்தை அவள் விருப்பத்துக்கு விட்டோம். இரண்டு நாள் செய்யவில்லை. மூன்றாம் நாள் தானே தம்பூராப் பெட்டியைப் போட்டாள். பகலில் நம் உறக்கத்துக்காகக் குக்கரை அணைக்க வேண்டாமென்றும் உத்தரவு போட்டுப் பார்த்தோம். அதனால் நாம் உறங்க முடியாமற் போய், பணியில் ஒரு ரசீதைத் தவறாக எழுதி, குக்கர் பழையபடி ஊமையாயிற்று. தம்பியின் ரயிலுக்கு மட்டும் பிற்பகல் ஒரு மணிக்கு மேல் கூவ அனுமதி.

அந்தப் பாட்டைப் பொங்கல் விழாவில் பாடுவாயா என்று கேட்டோம். எந்தப் பாட்டு என்று தெரியாதவள் போல் சற்று நேரம் பார்த்தாள். “அது உங்களைப் பத்தி இருக்கேப்பா” என்றாள். இருக்கட்டும் என்றோம். “கடைசி அடியை மாத்தணுமா?” என்றாள். வேண்டாம் என்றோம், அதைச் சொல்வதற்குள் நமக்குச் சிறிது நேரம் பிடித்தது என்பதை மறைக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனாள். இன்னும் சொல்லவில்லை. நாமும் மறுபடி கேட்கவில்லை.

விழா நிகழ்ச்சி நிரல் இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது. பிள்ளைகளின் பெயர்களைப் பதினைந்தாம் தேதிக்குள் சங்கச் செயலாளரிடமோ, மாலையில் பார்சல் அலுவலகத்தில் நம்மிடமோ கொடுக்கலாம். சென்ற ஆண்டைப் போல் ஒரே திரைப்பாட்டை நால்வர் கொடுத்துவிட்டுச் சண்டையிட வேண்டாம். தாமே கட்டிய பாட்டு எந்தப் பிள்ளையிடமாவது இருந்தால் அதற்கும் இடம் உண்டு. மெட்டுச் சரியில்லை, மொழி கலந்திருக்கிறது என்று பெற்றோர் முன்கூட்டியே தள்ளிவிட வேண்டாம். பக்கவாத்தியத்துக்கு நம் குடியிருப்பு இளைஞர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் பின்னால்தான் நிற்பாராம்.